லெப்டினன்ட் கானரின் பதிவேடு: ஒரு பதக்கத் திருத்த வழக்கின் ஆய்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கிளின்டன் வட்டத்தைச் சேர்ந்த விவசாயி கார்லின் மர்ல் கானர், இரண்டாம் உலகப் போரில் செய்த ஒரு செயலுக்காக 1945இல் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் என்ற பதக்கத்தைப் பெற்றார். அந்நாட்டு ராணுவம் வழங்கும் வீரப் பதக்கங்களின் வரிசையில் அது இரண்டாம் இடத்தில் உள்ளது. முதலிடத்தில் இருப்பது மெடல் ஆஃப் ஆனர். கானரின் செயல் அந்த முதல் பதக்கத்துக்கே உரியது என்றும், அதற்கேற்ப அவருடைய பணிப் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றும் 1990களின் நடுவில் எழுந்த கோரிக்கை, 2018 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் அவருடைய மனைவி பாலின் கையில் அந்தப் பதக்கம் கொடுக்கப்பட்டபோதுதான் முடிவுக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1998 நவம்பரில், கானர் இறந்துவிட்டார்.

போரில் நடந்தது என்ன என்பதைப் பற்றி இந்த வழக்கில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. கானர் கோழை என்றோ, அவர் செய்ததாகச் சொல்லப்படுவது பொய் என்றோ ராணுவத் தரப்பில் எவரும் வாதிடவில்லை. எந்தத் தாள் எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்து சேர்ந்தது என்பதே கடைசிவரை விவாதமாக இருந்தது. பதிவுத் திருத்த வழக்குகளை ஆராய்கிறவர்கள் இந்த ஒரு வழக்கையாவது முழுமையாகப் படித்தறிய வேண்டும் என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம்.

ஹூசென், 1945 ஜனவரி 24

கானர் 1941 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தவர். மூன்றாம் காலாட்படை டிவிஷனின் ஏழாம் ரெஜிமென்ட்டில் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, வட ஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலி, தெற்கு பிரான்ஸ் என்று டிவிஷன் போன இடமெல்லாம் போனார். 1944 நடுவில் போர்க்களத்திலேயே அதிகாரியாக உயர்த்தப்பட்டார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இப்படி ஒரு உயர்வு கிடைத்ததே, மேலதிகாரிகள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதைக் காட்டும்.

1945 ஜனவரியில் அவர் இடுப்புக் காயத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். முழுவதும் ஆறுவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பித் தன் பட்டாலியனுக்குத் திரும்பிவிட்டார். அப்போது அவர் மூன்றாம் பட்டாலியனின் உளவுப் பிரிவு அதிகாரி. டிவிஷன் அந்த நாட்களில் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகரைச் சுற்றி ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நிலப்பரப்பை மீட்கப் போரிட்டுக் கொண்டிருந்தது. ஜனவரி 24 அன்று ஹூசென் என்ற ஊரருகே, டாங்கிகளின் துணையோடு சுமார் 600 ஜெர்மன் காலாட்படையினர் அந்தப் பட்டாலியன் மீது பாய்ந்தனர். பீரங்கிகளால்தான் அவர்களை நிறுத்த முடியும் என்ற நிலையில், குண்டுகள் எங்கே விழ வேண்டும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முன்னணியில் ஒருவர் தேவைப்பட்டார். கானர் அதற்குத் தாமே முன்வந்தார்.

தொலைபேசிக் கம்பிச் சுருளை விரித்துக்கொண்டே, எதிரியின் குண்டுகள் விழுந்து கொண்டிருந்த வெளியில் 400 கெஜம் ஓடி, தம் படையின் முன்வரிசையையும் தாண்டி 30 கெஜம் போய், ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் படுத்துக்கொண்டார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அங்கிருந்தபடியே தொலைபேசியில் பீரங்கிகளை இயக்கினார். எதிரிகள் அலை அலையாக வந்தார்கள். சிலர் அவர் இருந்த இடத்துக்கு ஐந்து கெஜம் வரை நெருங்கினார்கள். கடைசித் தாக்குதலின்போது, தாம் படுத்திருந்த இடத்தின் மீதே குண்டுகளைப் பொழியச் சொன்னார். தாக்குதல் முறிந்தது. அவர் வழிநடத்திய பீரங்கிக் குண்டுகளில் சுமார் 50 ஜெர்மானியர் இறந்தனர், குறைந்தது 100 பேர் காயமடைந்தனர் என்று பிற்கால விருதுரை கூறுகிறது.

அவசரத்தில் முடிந்த பரிந்துரை

இதற்கு இரண்டு நாள் கழித்து, ஜனவரி 26 அன்று, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹோல்ட்ஸ்விர் என்ற ஊரருகே, அதே மூன்றாம் டிவிஷனின் இன்னொரு ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஆடி மர்ஃபி, எரியும் டாங்கி அழிப்பு வண்டியின் மேல் ஏறி நின்று, ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துப் பீரங்கிகளை வழிநடத்தியபடியே எதிரியைத் தடுத்தார். மர்ஃபிக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. 1945 ஜூன் 2 அன்று ஏழாம் ராணுவத் தளபதி ஜெனரல் அலெக்சாண்டர் பாட்ச் அதை அவருக்கு அணிவித்தார். ஒரே டிவிஷன், ஒரே களம், ஒரே வாரம், செயலின் தன்மையும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க முடிவு வேறானது ஏன்?

கானரின் பட்டாலியன் தளபதி லாய்ட் ராம்ஸி 1945 பிப்ரவரியில் தம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அதற்கான விடை இருக்கிறது. கானரை ஊருக்கு அனுப்பி வைத்ததைச் சொல்லிவிட்டு, இந்தப் போரின் தலைசிறந்த வீரர்களில் அவர் ஒருவர் என்று எழுதிய ராம்ஸி, அவருக்குக் கிடைத்த டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் உண்மையில் மெடல் ஆஃப் ஆனராக இருந்திருக்கலாம் என்றும், அவர் ஊருக்குக் கிளம்பிக் கொண்டிருந்ததால் போவதற்கு முன் கையில் கொடுத்துவிட நினைத்தோம் என்றும் குறிப்பிடுகிறார். களத்திலுள்ள ராணுவத் தளபதியின் மட்டத்திலேயே டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸை முடித்துவிட முடிந்தது. மெடல் ஆஃப் ஆனருக்கான பரிந்துரை வாஷிங்டன் வரை போயாக வேண்டும். மர்ஃபியின் பதக்கத்துக்கு ஆன காலம் ஏறத்தாழ நான்கு மாதம். கானரின் விஷயத்தில் அந்த நான்கு மாதக் காத்திருப்பைத் தவிர்க்க நினைத்தது அன்பினால்தான். அந்த அன்பின் விலையை அவர் குடும்பம் பல ஆண்டுகள் கொடுத்தது.

இந்தக் கடிதத்துக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். பல பதிவுத் திருத்த மனுக்கள், நிகழ்ச்சிக்குப் பல்லாண்டுகள் கழித்து, நினைவில் இருப்பதை வைத்தே எழுதப்படுகின்றன. நினைவு மங்கும், அன்பு மிகைப்படுத்தும் என்று அதிகாரிகள் ஐயப்படுவதில் நியாயம் உண்டு. ராம்ஸியின் கடிதமோ, நிகழ்ச்சி நடந்த சில வாரங்களில், எந்த வழக்கையும் மனதில் கொள்ளாமல், ஒரு மகன் வீட்டுக்கு எழுதியது. பரிந்துரை ஏன் கீழ்ப் பதக்கத்தோடு நின்றது என்பதை, அதைச் செய்தவரே அன்றே பதிவு செய்திருக்கிறார்.

கானர் ஊர் திரும்பினார். கிளின்டன் வட்டத்தின் தலைநகரான ஆல்பனியில் 1945 மே மாதம் வரவேற்பு ஊர்வலம் நடந்தது. பாலினை மணந்துகொண்டு நிலத்தில் பாடுபட்டார். வட்டார விவசாயிகள் சங்கத்தின் தலைவராக 17 ஆண்டுகள் இருந்தார். போரைப் பற்றி வீட்டில்கூட அவர் பேசியது மிகக் குறைவு. ஆனால் கணவனும் மனைவியுமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியமும் உதவித்தொகையும் கிடைக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தும் அலுவலகம் அலுவலகமாக நடந்தும் பல ஆண்டுகள் உதவினார்கள். பிறருடைய தாள்களுக்காக அவ்வளவு உழைத்தவர் தம்முடைய தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கேள்வியை எழுப்பியவர் வெளியாள். விஸ்கான்சினைச் சேர்ந்த முன்னாள் சிறப்புப் படை வீரர் ரிச்சர்ட் சில்டன், போரில் இறந்த தம் மாமா ஒருவரைப் பற்றித் தகவல் தேடி, அவரோடு பணியாற்றிய கானரைக் காண ஆல்பனிக்கு வந்தார். கானர் அப்போது கடும் நோயில், பேசவே முடியாத நிலையில் இருந்தார். பாலின் எடுத்துக் காட்டிய பழைய ராணுவப் பையில் இருந்த பதக்கங்களையும் தாள்களையும் பார்த்த சில்டன் திகைத்துப் போனார். டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் ஒன்று, சில்வர் ஸ்டார் நான்கு, பிரோன்ஸ் ஸ்டார், போரில் காயம்பட்டோருக்கான பர்ப்பிள் ஹார்ட் மூன்று. இந்த மனிதருக்கு மெடல் ஆஃப் ஆனர் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

வாரியமும் மறுப்புகளும்

அமெரிக்கப் படைகளின் பதிவுத் திருத்த வாரியங்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானவை. அதற்கு முன், ஒரு படைவீரரின் பதிவில் பிழை இருந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கவே, சிவில் அதிகாரிகளைக் கொண்ட வாரியங்களிடம் இந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பதிவில் பிழையோ அநீதியோ இருந்தால் அதைத் திருத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் நீதியின் பொருட்டு வாரியம் அந்தக் காலவரம்பைத் தளர்த்தலாம். நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. ராணுவம் அக்காலத்தில் செய்ததை முறைப்படியே செய்திருக்கும் என்ற அனுமானத்தில் இருந்துதான் வாரியம் தொடங்கும்.

விடுபட்ட பதக்கங்களைப் பற்றிய மனுக்களில் பல இந்த வாரியம் வரை வரவே தேவையில்லை. எடுத்துக்காட்டாக, இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ச் சின்னம் பெற்றவர்கள் அனைவருக்கும் பிரோன்ஸ் ஸ்டார் உரியது என்று 1947இல் ராணுவம் முடிவு செய்தது. அதற்கு முன்பே படையை விட்டு வந்துவிட்ட ஏராளமானோரின் படைவிலகல் சான்றில் அந்தப் பதக்கம் இருக்காது. சின்னம் பெற்றதற்கான ஆவணத்தைக் காட்டினால் அலுவலக மட்டத்திலேயே அதைச் சேர்த்துவிடலாம். பர்ப்பிள் ஹார்ட்டும் எவருடைய பரிந்துரையையும் எதிர்பார்க்காமல், தகுதி இருந்தாலே கிடைக்க வேண்டியது. எதிரியின் செயலால் காயம்பட்டதையும் அதற்குச் சிகிச்சை பெற்றதையும் காட்டினால் போதும். வீரப் பதக்கங்கள் அப்படியல்ல. அவற்றுக்குப் பரிந்துரை வேண்டும், சாட்சிகள் வேண்டும், மேலதிகாரிகள் ஒவ்வொருவராக ஒப்புதல் தர வேண்டும். மெடல் ஆஃப் ஆனருக்கோ சட்டத்திலேயே கடுமையான காலவரம்பு உண்டு. அதைத் தளர்த்தக் காங்கிரஸால்தான் முடியும்.

கானருக்காகச் சென்ற முதல் மனுவை 1997இல் வாரியம், பொருளை ஆராய்ந்து பார்த்தே, நிராகரித்தது. மறுபரிசீலனைக் கோரிக்கையையும் 2000ஆம் ஆண்டில் தள்ளியது. ஆதரவுக் கடிதங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருந்தபோதிலும், புதிய சாட்சியம் எதுவும் இல்லை என்பது வாரியம் சொன்ன காரணம். இந்த இடத்தில் வாரியத்தை ஒரேயடியாகக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. ஆதரவுக் கடிதம் வேறு, சாட்சியம் வேறு. செனட்டர்கள் எழுதினாலும், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டாலும், 1945 ஜனவரி 24 அன்று அந்தப் பள்ளத்துக்கு அருகில் யார் என்ன பார்த்தார்கள் என்ற கேள்விக்கு அவை விடையாகாது. அரசியல் செல்வாக்கால் பதக்கம் கிடைக்கும் என்ற நிலை வந்தால், அந்தப் பதக்கத்தை உண்மையாகப் பெற்றவர்களுக்கே அது இழிவு.

ஆனால் அடுத்து நடந்ததை அப்படி நியாயப்படுத்த முடியாது. வாரியம் கேட்டது சாட்சியம்தானே என்று சில்டனும் குடும்பத்தாரும் மீண்டும் தேடினார்கள். 2006 வாக்கில் நேரில் கண்டவர்களின் மூன்று வாக்குமூலங்கள் கிடைத்தன. கானர் அன்று செய்ததால்தான் தம் பிரிவு பிழைத்தது என்று அதே பட்டாலியனில் இருந்த ஹரால்ட் விகெட்மேன் சொன்னது அவற்றுள் ஒன்று. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றிருந்த ராம்ஸியும் உறுதிமொழி வாக்குமூலம் கொடுத்தார். தாம் தலைமை தாங்கிய வீரர்களில் தலைசிறந்தவருக்கு அந்தப் பதக்கத்தைப் பெற்றுத்தராமல் போனது தம் பணிக்காலத்தின் பெரும் வருத்தங்களில் ஒன்று என்று அதில் கூறினார். பாலின் கானர் 2008இல் இவற்றை வாரியத்துக்கு அனுப்பினார். மறுபரிசீலனைக் கோரிக்கையை முதல் முடிவிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்ற விதி அன்று ராணுவத்திடம் இருந்தது. வாரியத்தின் கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

சாட்சியம் இல்லை என்று 2000இல் மறுத்தவர்கள், சாட்சியம் வந்தபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். 60 ஆண்டுகளுக்கு முன் நடந்த போரின் சாட்சிகளை, எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுக்கொண்டிருந்த முதியவர்களை, நாடு முழுவதும் தேடிக் கண்டுபிடிக்க ஓராண்டு போதும் என்று எந்த அடிப்படையில் கருதினார்கள்? சாட்சியம் மங்கிப்போகும் என்ற அச்சத்தால்தான் சட்டங்கள் காலவரம்பு வைக்கின்றன. இங்கே அந்த வரம்பு, கிடைத்துவிட்ட சாட்சியத்தைப் படிக்காமல் இருப்பதற்கே பயன்பட்டது.

நீதிமன்றத்தில்

பாலின் கானர் கென்டக்கியில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நீதிபதி தாமஸ் ரசல் 2014 மார்ச்சில் அதைத் தள்ளுபடி செய்தார். கூட்டாட்சி அரசுக்கு எதிரான இத்தகைய வழக்குகளுக்கு ஆறாண்டுக் காலவரம்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் மறுப்பிலிருந்து கணக்கிட்டால் அது 2006இல் முடிந்துவிட்டது. 2008இல்தான் புதிய சாட்சியம் வாரியத்துக்குப் போனது என்பது அவருடைய முடிவின் சாரம். கானரின் துணிவையும் தேசப்பற்றையும் தீர்ப்பிலேயே பாராட்டிய அவர், நடைமுறை விதியால் இந்த வழக்கைத் தள்ள நேர்வது அவருடைய சேவையையும் தியாகத்தையும் எவ்வகையிலும் குறைத்துவிடாது என்றும் எழுதினார்.

சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்வது கடினம். நீதிமன்றத்தின் முன் இருந்தது கானர் பதக்கத்துக்கு உரியவரா என்ற கேள்வி அல்ல. ஆயினும், ஒரு நீதிபதி மனுதாரரின் கணவரை மாவீரர் என்று ஒப்புக்கொண்டு, அதே தாளில் அவருக்குத் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று எழுத வேண்டி வந்தது என்றால், கோளாறு நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. வழக்கு அங்கு வரை வந்திருக்கவே கூடாது. 2008இல் வாரியம் அந்த மூன்று வாக்குமூலங்களைப் படித்துவிட்டு, போதாது என்று காரணம் காட்டி மறுத்திருந்தால்கூட அது மரியாதையான முடிவாக இருந்திருக்கும்.

வழக்கு சின்சினாட்டியில் உள்ள ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. வழக்கின் திருப்பம் இங்கேதான். யார் சரி, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்ற சண்டை நின்று, வாரியம் மறுபடி கோப்பைத் திறந்தது. 2015இல் அது தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, கானரின் பதக்கத்தை உயர்த்துவதற்குச் சாதகமாக முடிவெடுத்தது. கோப்பு அங்கிருந்து ராணுவத் தலைமைக்கும் பாதுகாப்புத் துறைக்கும் நகர்ந்தது. காங்கிரஸ் காலவரம்பைத் தளர்த்திச் சட்டம் செய்தது. கடைசியில் அதிபரின் ஒப்புதல் கிடைத்தது. 1997இலும் 2000இலும் போதாது என்றும், 2008இல் காலம் கடந்தது என்றும் தள்ளப்பட்ட கோரிக்கை, ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்கப்பட்டபின் நிலைபெற்றது.

தாளே இல்லாதவர்கள்

கானர் தரப்பிடம் குறைந்தபட்சம் தாள்கள் இருந்தன. பலரிடம் அதுவும் இல்லை. செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில், 160 முதல் 180 லட்சம் படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை படைவிலகிய ராணுவத்தினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. அவற்றுக்கு நகல்களோ நுண்படங்களோ எடுத்து வைக்கப்படவில்லை. இன்று அப்படிப்பட்ட ஒருவரின் பணி வரலாற்றை, பிரிவுகளின் அன்றாட ஆள்கணக்குத் தாள்கள், சம்பளப் பட்டியல்கள், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகள், பதக்கம் வழங்கிய பொது ஆணைகள் போன்றவற்றிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் எழுப்ப வேண்டும்.

நார்மண்டிக் கடற்கரையில் 1944 ஜூன் 6 அன்று, தாமே காயம்பட்ட நிலையில், ஏறத்தாழ 30 மணி நேரம் இடைவிடாமல் காயம்பட்டவர்களைக் காப்பாற்றிய கறுப்பின மருத்துவ உதவியாளர் வேவர்லி உட்சனின் கோப்பு இந்தத் தீயில் எரிந்தது. அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் தரும் பேச்சு 1944இலேயே வாஷிங்டனில் இருந்தது என்பதற்கு அதிபர் ட்ரூமனின் ஆவணங்களைக் காக்கும் நூலகத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது. ஆனால் பரிந்துரைத் தாள் கிடைக்கவில்லை. அவர் 2005இல் இறந்தார். 2024இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ், கானருக்கு முதலில் கிடைத்த அதே பதக்கம். வியட்நாமில் 1965 ஜூனில் போரிட்ட கறுப்பின அதிகாரி பாரிஸ் டேவிஸின் பரிந்துரைக் கோப்பு காணாமல் போய், மீண்டும் தயாரிக்கச் சொல்லப்பட்டு, மறுபடியும் காணாமல் போனது. அவருக்கு 2023 மார்ச்சில் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தபோது, அதை நேரில் வாங்கிக்கொள்ள அவராவது உயிரோடு இருந்தார்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, கானரின் வழக்கில் வென்றது எது என்பது தெளிவாகத் தெரிகிறது. செனட்டர்களின் ஆதரவு உட்சனுக்கும் இருந்தது. சாட்சிகள் டேவிஸுக்கும் இருந்தார்கள். கானருக்கு மட்டுமே மூன்றும் ஒருங்கே அமைந்தன: கையில் இருந்த பதக்க ஆணைகள், உயர் பதக்கம் ஏன் கேட்கப்படவில்லை என்பதை 1945இலேயே விளக்கிய தளபதியின் கடிதம், நேரில் கண்டவர்களின் உறுதியான வாக்குமூலங்கள். பதிவுத் திருத்தம் கோரும் எந்தக் குடும்பமும் முதலில் தேட வேண்டியது, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட தாளைத்தான். அது அரசுக் கோப்பில் இல்லாமல் வீட்டுப் பெட்டியில் ஒரு கடிதமாகவும் இருக்கலாம்.

பாலின் கானருக்குத் தடையாக நின்ற ஓராண்டு விதி இப்போது இல்லை. முன்பு வாரியம் பார்த்திராத ஆவணங்களோடு வரும் மறுபரிசீலனைக் கோரிக்கை எப்போது தாக்கல் செய்யப்பட்டாலும் அதை ஏற்று ஆராய வேண்டும் என்று காங்கிரஸ் பின்னர் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2008இல் அவர் அனுப்பிய வாக்குமூலங்களை ஒருவர் இன்று அனுப்பினால், வாரியம் அவற்றைப் படித்தே தீர வேண்டும்.